காணாத களத்தின் குரல்

இலக்கியம் பேசவென்று ஏற்பட்ட இந்தத் தொடரில் விளையாட்டு வானொலிக்கு என்ன அலுவல் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால், கண்ணால் காணாத ஒன்றைக் காதுவழியே காட்டுவதுதானே கதை சொல்பவனுடைய தொழில்? அந்தத் தொழிலை மிக நெருக்கடியான நிலையில் செய்து பார்த்தவர்கள் சிற்றூர் வானொலிக்காரர் சிலர். அவர்களுடைய அனுபவத்தில் எழுத்தாளருக்கும் வாசகருக்கும் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே இன்று உங்களை அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் டேவன்போட் என்றொரு ஊர். 1930ஆம் ஆண்டில் அங்கே அறுபதினாயிரம் பேர்வரையில் வாழ்ந்தார்கள். ஊரைத் தாண்டினால் சோளக்காடு. அந்த ஊரில் பி. ஜே. பால்மர் என்பவர், முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிரக்டிக் என்ற சிகிச்சைமுறையைக் கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்திவந்தார். 1922இல் அவர் வானொலி நிலையம் ஒன்றையும் வாங்கிப் பள்ளியின் மேல்மாடியில் கொண்டுபோய் வைத்தார். நிலையத்தின் அழைப்பெழுத்துக்கள் டபிள்யூ.ஓ.சி. 'கைரோபிரக்டிக்கின் அற்புதங்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது என்று விரிவு சொல்வார்கள். நம்முடைய கொழும்பு வானொலி 1925 டிசம்பரில்தான் பிறந்தது. அந்தக் கணக்கில் டேவன்போட் நிலையம் நமக்கு மூன்று வயது மூத்த அண்ணன். ஆனால் அந்த அண்ணனை உலகம் இன்று நினைப்பது முதுகெலும்புக்காக அல்ல, விளையாட்டுக்காக.

வானொலியில் விளையாட்டு என்பது அப்போது புதுச் சரக்கு. 1921 ஆகஸ்ட் 5ஆம் திகதி, பிட்ஸ்பேர்க் நகரத்துக் கே.டி.கே.ஏ. நிலையத்துக்காக ஹரல்ட் ஆர்லின் மைதானத்தில் இருந்தபடி ஒரு பேஸ்போல் ஆட்டத்தைச் சொன்னார். பெரிய அணிகளின் பேஸ்போல் வர்ணனைக்கு அதையே பிள்ளையார் சுழி என்பார்கள். இங்கிலாந்தில் பி.பி.சி. 1927 ஜனவரியில் றகர் ஆட்டத்தோடு தொடங்கியது. அங்கே ஒரு வேடிக்கை. கேட்பவர் திசைதடுமாறாதிருக்க, மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து இலக்கமிட்ட படத்தைத் தங்கள் இதழில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். வர்ணனையாளர் பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் இன்னொருவர் பந்து எத்தனையாம் கட்டத்தில் இருக்கிறது என்று இலக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். வார்த்தை மட்டும் காட்சியைக் கொண்டுவந்துவிடும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்றுதான் இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

அந்த நம்பிக்கையை வறுமை கொண்டுவந்தது.

1932ஆம் ஆண்டு. பொருளாதார மந்தத்தின் நடுப்பகுதி. கல்லூரியை முடித்த 21 வயது இளைஞன் ஒருவன் விளையாட்டு அறிவிப்பாளனாக வேண்டும் என்று சிக்காகோவில் நிலையம் நிலையமாக ஏறி இறங்கினான். பெரிய நகரத்தில் அனுபவம் இல்லாதவனை யாரும் எடுக்கமாட்டார்கள், சிற்றூர் நிலையங்களில் கேட்டுப்பார் என்று ஒரு நிலையத்துப் பெண் அலுவலர் புத்தி சொல்லியனுப்பினார். தகப்பனாருடைய காரை வாங்கிக்கொண்டு அவன் டேவன்போட்டுக்குப் போனான். டபிள்யூ.ஓ.சி.யின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பீற்றர் மக்ஆதர் ஸ்கொட்லாந்துக்காரர். மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை தேடி அந்த ஊருக்கு வந்து, ஊன்றுகோலோடு அங்கேயே தங்கிவிட்டவர். இடம் நேற்றே நிரம்பிவிட்டது என்றார். நிலையத்துக்குள்ளேயே நுழைய முடியாவிட்டால் ஒருவன் எப்படித்தான் அறிவிப்பாளன் ஆவது என்று முணுமுணுத்துக்கொண்டு இளைஞன் வெளியேறினான். கிழவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பின்னாலே போய் அவனைப் பிடித்தார். உனக்கு உதைபந்தாட்டம் தெரியுமா என்று கேட்டார். அமெரிக்கர்களின் உதைபந்தாட்டத்தில் காலால் உதைப்பதைவிடக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதே அதிகம் என்பது வேறு கதை. ஒரு வெறும் அறையில் ஒலிவாங்கியின் முன்னே அவனை நிறுத்தி, ஓர் ஆட்டத்தை எனக்குக் காட்டு, நான் அதைப் பார்க்கவேண்டும் என்றார்.

இளைஞன் தான் படித்த யுரேகா கல்லூரி முன்பு ஆடிய ஓர் ஆட்டத்தின் கடைசிப் பகுதியைச் சொன்னான். அதில் அவனும் ஆடியிருந்தான். எதிரணியில் ஒருவனை மறித்து விழுத்துவது அவனுடைய பொறுப்பு. உண்மையான ஆட்டத்தில் அவன் அதைக் கோட்டைவிட்டான். மக்ஆதருக்குச் சொன்ன ஆட்டத்திலோ மிக அழகாக மறித்து விழுத்தினான். இதைப் பின்னாளில் அவனே ஒளிக்காமல் எழுதியிருக்கிறான்.

ஐந்து டொலரும் பஸ் கட்டணமும் தருகிறேன், சனிக்கிழமை அயோவா பல்கலைக்கழக ஆட்டத்துக்குப் போ என்றார் மக்ஆதர். அந்த இளைஞனுடைய பெயர் ரொனால்ட் ரீகன். 1981 முதல் 1989 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவரேதான். அவருடைய அரசியலைப் பற்றி இங்கே பேச வரவில்லை. ஆனால் அந்தத் தவறவிட்ட மறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததைச் சொல்வதற்கும் பார்த்திருக்க விரும்பியதைச் சொல்வதற்கும் இடையில் உள்ள மெல்லிய கோட்டை அவர் முதல் நாளிலேயே தாண்டினார். தாண்டியதற்காகத்தான் வேலையும் கிடைத்தது.

பால்மர் 1930இல் மாநிலத் தலைநகரான டி மொயினில் இருந்த டபிள்யூ.எச்.ஓ. நிலையத்தையும் வாங்கியிருந்தார். 1933இல் டேவன்போட் நிலையத்தை மூடி எல்லோரையும் அங்கே மாற்றினார்கள். புது ஒலிபரப்பியின் வலு 50,000 வோட். ஆள் குறைந்த மாநிலத்தின் நிலையம்தான், ஆனால் குரல் சுற்றியுள்ள பல மாநிலங்களின் பண்ணை வீடுகளுக்கும் எட்டியது. கேட்பவர்களுக்கு வேண்டியது சிக்காகோ கப்ஸ் அணியின் பேஸ்போல். சிக்காகோவோ முந்நூறு மைலுக்கு அப்பால். நாள்தோறும் மைதானத்திலிருந்து தொலைபேசிக் கம்பியை வாடகைக்கு எடுத்து, ஆளையும் அங்கே தங்கவைப்பது செலவான காரியம். தந்தி மலிவு. எனவே பல நிலையங்கள் ஒரு தந்திரம் செய்தன.

மைதானத்தில் இருக்கும் தந்திக்காரர் ஒவ்வொரு பந்தின் முடிவையும் குறிகளாக அனுப்புவார். நிலையத்துத் தந்திக்காரர் அதைத் தட்டச்சிட்டு, கண்ணாடித் தடுப்பின் கீழால் ஒரு துண்டுக் கடதாசியைத் தள்ளுவார். அதில் 'எஸ் 1 சி' என்றிருக்கும். ஆட்டக்காரர் அடிக்காமல் விட்ட பந்தை நடுவர் முதல் 'ஸ்ட்ரைக்' என்று தீர்த்தார் என்பது பொருள். அல்லது '6–3' என்றிருக்கும். பேஸ்போலில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் இடத்துக்கேற்ப இலக்கம் உண்டு. ஆறாம் இலக்கக்காரர் பந்தைப் பொறுக்கி முதல் தளத்தில் நிற்கும் மூன்றாம் இலக்கக்காரருக்கு எறிய, ஓடியவர் ஆட்டமிழந்தார் என்று விரித்துக்கொள்ளவேண்டும். இவ்வளவுதான் மூலம். பந்துவீச்சாளர் தொப்பியைச் சரிசெய்தது, புழுதி கிளம்பியது, சூரியன் சாய்ந்து களத்தில் நிழல் விழுந்தது எல்லாம் அறிவிப்பாளருடைய கைச்சரக்கு. பின்னணியில் கூட்டத்தின் இரைச்சல், இசைத்தட்டிலிருந்து.

நம்முடைய உரையாசிரியர்களை நினைத்துக்கொள்கிறேன். சூத்திரம் ஓரடி, உரை ஒரு பக்கம்.

1934இல் நடந்ததாக ரீகன் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. கப்ஸ் அணிக்கும் சென்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கும் ஆட்டம். ஒன்பதாவது இனிங்ஸ். பந்து வீசுபவர் பேர்பெற்ற டிஸ்ஸி டீன். பந்து கையை விட்டுப் புறப்பட்டுவிட்டது என்று ரீகன் சொல்லி வாய் மூடுமுன், தந்திக் கம்பி அறுந்துவிட்டது என்ற துண்டு வந்தது. மன்னிக்கவும், தந்தி வரவில்லை என்று சொல்லி ஓர் இசைத்தட்டைப் போட்டிருக்கலாம். ஆனால் அதே ஆட்டத்தை வேறு நிலையங்களும் சொல்லிக்கொண்டிருந்தன. கேட்பவர் முள்ளைத் திருப்பிவிட்டால் திரும்பி வரமாட்டார். ரீகனுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. கோட்டுக்கு வெளியே போகும் 'பவுல்' அடி ஆட்டக் கணக்கில் பதிவாகாது. மூன்றாவது ஸ்ட்ரைக்காகவும் அதைக் கொள்வதில்லை. ஆகவே ஒருவர் எத்தனை பவுல் அடித்தாலும் நாளைய பத்திரிகை பொய்யைக் காட்டிக்கொடுக்காது. அடித்தார் ஒரு பவுல். இன்னொன்று. பார்வையாளர் பக்கம் போன பந்துக்காகச் சிறுவர்கள் அடிபட்டார்கள். செந்தலைப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டான். இப்படி ஆறே முக்கால் நிமிடம் ஓட்டியபின் கம்பி உயிர்பெற்றது. வந்த துண்டைப் பார்த்து ரீகனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். அந்த ஆட்டக்காரர் வீசிய முதற்பந்திலேயே உயர அடித்துப் பிடிகொடுத்து ஆட்டமிழந்திருந்தார்.

அந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், சில தடவைகள் பில்லி ஜேர்ஜஸ் என்பார் ரீகன். வேறு சில தடவைகள் ஓகி கலான். கற்பனை செய்த கதையே சொல்லச் சொல்ல வேறு உருவம் எடுத்துக்கொண்டது. கரி வில்ஸ் 1987இல் ரீகனைப் பற்றி எழுதிய நூலில் இந்த வானொலி ஆண்டுகளுக்கு நிறைய இடம் கொடுத்திருப்பது காரணமில்லாமல் அல்ல.

காணாத போரைக் கேட்கும் வழக்கம் நமக்குப் பழையது. கலிங்கத்துப் பரணியில் கலிங்கப் போரைக் காளி பார்க்கவில்லை. களத்திலிருந்து வந்த பேய் ஒன்று சொல்லக் கேட்கிறாள். 'காளிக்குக் கூளி கூறியது' என்றே அந்தப் பகுதிக்குப் பெயர். மகாபாரதத்தில் பார்வையற்ற திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் சொல்கிறான். சஞ்சயனை நேர்முக வர்ணனையாளன் என்று மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்குவது வழக்கம். மூலத்தைப் பார்த்தால் அது அவ்வளவு பொருந்தாது. பீஷ்ம பருவத்தில் சஞ்சயன் களத்திலிருந்து வந்ததும் முதலிற் சொல்வது பீஷ்மர் வீழ்ந்த செய்தி. அதன்பிறகே பத்து நாட் போரையும் தொடக்கத்திலிருந்து விரிக்கிறான். முடிவு தெரிந்தவன், இப்போதுதான் நடக்கிறது என்பதுபோலச் சொல்கிறான். தந்தித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பந்து இதோ புறப்படுகிறது என்று மூச்சைப் பிடிக்கும் டி மொயின் அறிவிப்பாளருக்கு அவன் உண்மையிலேயே உறவுக்காரன். ஒரு வித்தியாசம், சஞ்சயன் முடிவை முதலில் சொல்லிவிட்டான்.

இந்த வித்தை அமெரிக்காவோடு நிற்கவில்லை. 1938இல் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடியபோது, அவுஸ்திரேலிய ஒலிபரப்பு ஆணைக்குழு சிட்னியில் ஒரு குழுவைக் கலையகத்தில் உட்காரவைத்தது. லண்டனிலிருந்து ஒவ்வொரு ஓவருக்கும் கடலடித் தந்தி வரும். அலன் மக்கில்வ்ரே போன்றவர்கள் அதைப் பந்து பந்தாகப் பிரித்துச் சொல்வார்கள். துடுப்பில் பந்து படும் ஒலிக்கு, மரத்துண்டில் பென்சிலால் ஒரு தட்டு. கைதட்டலுக்கு இசைத்தட்டு. தந்தி பிந்தினால், களத்தடுப்பாளர் இடம் மாறுகிறார், தண்ணீர் வருகிறது என்று எதையாவது சொல்லி நேரம் கடத்துவார்கள். ஓவல் மைதானத்தில் லென் ஹட்டன் 364 ஓட்டங்கள் குவித்ததும், இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 903 எடுத்ததும் அந்த ஆண்டில்தான். நடுச்சாமத்தில் விழித்திருந்து கேட்ட அவுஸ்திரேலியர்களுக்கு அந்த நீண்ட வேதனையும் பென்சில் தட்டாகத்தான் போய்ச் சேர்ந்தது.

வேடிக்கைதான். விளையாட்டில் இப்படி ஒரு பொய்யால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். எனக்கு அப்படி இலேசாகக் கேட்டுவிட முடியவில்லை. 1990 தொடக்கம் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஒருவர் சுற்ற நாலு வீட்டுக்காரர் கேட்பார்கள். கை ஓய்ந்தால் குரலும் தேய்ந்துவிடும். நானும் சுற்றியவன். அப்படி வியர்வை சிந்திக் கேட்ட குரல் எங்கிருந்து, எதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறது என்று அறிய எங்களுக்கு வேறு வழி கிடையாது. செய்தி வராத நேரத்தை அது எதைக்கொண்டு நிரப்புகிறது என்பது பேஸ்போல் பவுலைப்போன்ற சின்ன விஷயமாக எங்களுக்குப் படவில்லை. ஷெல் எந்தக் கிராமத்தில் விழுந்தது என்பதைப் பதிவாகாத கணக்கில் சேர்க்க முடியாதல்லவா?

அதனால் இந்த வரலாற்றில் என் மனதுக்கு உகந்தவர் ரீகன் அல்ல, ரெட் பாபர். தென்மாநிலத்துக்காரர். 1934 முதல் சின்சினாட்டியிலும், 1939 முதல் நியூ யோர்க்கின் புரூக்ளினிலும் பேஸ்போல் சொன்னவர். வெளியூர் ஆட்டங்களை அவரும் தந்தியை வைத்தே சொன்னார். ஆனால் இசைத்தட்டுக் கூட்டத்தை அவர் கிட்ட எடுக்கவில்லை. ஒலிவாங்கியைத் தந்திக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தார். டக் டக் என்று குறி வந்து விழும் ஓசை கேட்பவருக்கும் கேட்கும். இந்த மனிதர் மைதானத்தில் இல்லை, தந்தியைப் படித்துத்தான் சொல்கிறார் என்று ஊரறியும். கம்பி அறுந்தால் அறுந்தது என்று சொல்வார். இதனால் அவருடைய வர்ணனை சுவை குன்றியதா என்றால், இல்லை. பேஸ்போல் வர்ணனைக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் ஒருவராகவே அவரை இன்றும் சொல்கிறார்கள். ஒரு சொல்லை இடம் பார்த்து வைக்கத் தெரிந்தவனுக்குக் கூட்டத்தின் இரைச்சல் தேவைப்படுவதில்லை.

பார்த்தவன் சொல்லலாம், பாராதவனும் சொல்லலாம் என்றானபின், சொல்லும் உரிமை யாருடையது என்ற வழக்கும் வராமற் போகுமா? சிட்னியில் விக்டோரியா பார்க் என்ற குதிரைப் பந்தயத் திடலின் பக்கத்து வீட்டுக்காரர், தன் காணியில் உயர்ந்த மேடை கட்ட ஒரு வானொலி நிலையத்துக்கு இடங்கொடுத்தார். அதில் ஏறி நின்று வேலிக்கு மேலால் பார்த்து ஓர் அறிவிப்பாளர் பந்தயத்தைச் சொன்னார். திடலுக்கு வருவோர் தொகை குறைகிறது என்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1937இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அறிவிப்பாளர் பக்கம் தீர்த்தது. கண்ணுக்குத் தெரிவது யாருக்கும் சொந்தமல்ல, வேண்டுமானால் வேலியை உயர்த்திக் கட்டுங்கள் என்பதே தீர்ப்பின் போக்கு. அடுத்த ஆண்டில் பிட்ஸ்பேர்க்கில் ஏறத்தாழ இதே வழக்கு. கே.கியூ.வி. என்ற நிலையம் பேஸ்போல் மைதானத்துக்கு வெளியே உயரமான இடங்களில் ஆட்களை நிறுத்திப் பார்த்துச் சொன்னது. அங்கே நீதிபதி எதிர்மாறாகத் தீர்த்தார்: ஆட்டத்தின் செய்தியை ஆட்டம் நடக்கும்போதே விற்கும் உரிமை, ஆட்டத்தை நடத்துபவருடையது. இன்று தொலைக்காட்சி உரிமை கோடிக் கணக்கில் ஏலம் போவதன் ஆணிவேர்களில் ஒன்று அந்தப் பிட்ஸ்பேர்க் தீர்ப்பு. இலக்கியக்காரனாகிய எனக்குச் சிட்னித் தீர்ப்பே பிடிக்கிறது. காசு கட்டியவன் எந்தத் தீர்ப்பை விரும்புவான் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்தக் கலையின் கடைசிப் பெரிய வித்தைக்காரர் டெக்சாஸ் மாநிலத்துக் கோடன் மக்லென்டன். டலஸ் நகரின் ஒரு பகுதியில் 1947இல் சிறு நிலையம் தொடங்கிய அவர், தந்தி வர்ணனையைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். வயது முப்பதைத் தொடவில்லை. தன்னை 'ஸ்கொட்லாந்துக் கிழவன்' என்று சொல்லிக்கொள்வார். கூட்டத்தின் முணுமுணுப்புக்கு ஒரு தட்டு, ஆரவாரத்துக்கு ஒரு தட்டு, ஏமாற்றத்துக்கு ஒரு தட்டு. மைதான ஒலிபெருக்கியின் எதிரொலி வேண்டுமென்று உதவியாளரைக் கழிப்பறைக்குள் நிறுத்திக் கத்தச் செய்தார் என்பார்கள். நானூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் அவருடைய லிபேட்டி வலையமைப்பில் சேர்ந்தன; பெரும்பாலும் பெரிய அணிகள் எட்டிப்பாராத சிற்றூர்கள். அணிகளின் உரிமையாளர்கள் விழித்துக்கொண்டு உரிமையை இறுக்கினார்கள். 1952இல் லிபேட்டி மூடப்பட்டது. தொலைக்காட்சியும் வந்துவிட்டது, கம்பி வாடகையும் குறைந்துவிட்டது. பொய் சொல்லவேண்டிய பொருளாதாரக் காரணம் தீர்ந்ததும் அந்தக் கலையும் தீர்ந்தது.

டேவன்போட்டின் டபிள்யூ.ஓ.சி. பின்னர் அதே ஊரில் மீண்டும் எழுந்தது. டி மொயின் நிலையமும் தொடர்ந்து பேசியது. ரீகன் 1937இல் கப்ஸ் அணியின் பயிற்சியைப் பார்க்கக் கலிபோர்னியா போன இடத்தில் சினிமாத் தேர்வு எழுதி ஹொலிவூட்டுக்குப் போய்விட்டார். 1988 செப்டெம்பரில், பதவியின் கடைசி மாதங்களில், சிக்காகோவின் றிக்லி மைதானத்துக்கு வந்து வர்ணனைக் கூண்டில் சிறிது நேரம் உட்கார்ந்து கப்ஸ் ஆட்டத்தைச் சொன்னார். இம்முறை ஆட்டம் அவருடைய கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

இசைத்தட்டுக் கூட்டம் மட்டும் ஒருமுறை திரும்பி வந்தது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது ஆளில்லா அரங்குகளில் ஆட்டங்களை நடத்தினார்கள். அமெரிக்கப் பேஸ்போல் அறிவிப்பாளர்கள் வெளியூர் ஆட்டங்களுக்குப் பயணம் செய்யாமல், சொந்த ஊரில் திரையைப் பார்த்தே சொன்னார்கள். வெறும் ஆசனங்களுக்குப் பின்னாலிருந்து, பதிவுசெய்த ஆரவாரம் ஏற்ற இறக்கத்தோடு எழுந்தது. அதை இயக்குவதற்கென்றே ஒருவர் கூண்டில் இருந்தார். பந்து உயரப் போனால் அவர் சத்தத்தை உயர்த்துவார். இங்கிலாந்தில் உதைபந்தாட்டம் பார்த்தவர்களுக்கோ, தொலைக்காட்சியில் அந்த இரைச்சலோடு ஒரு வழி, இரைச்சல் இல்லாமல் ஒரு வழி என்று இரண்டு திறந்திருந்தன. இரைச்சலை நீக்கிக் கேட்டவர்களுக்கு ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும், பந்தில் சப்பாத்து படும் ஓசையும் தெளிவாகக் கேட்டன.